எச்சில் சொல்லும் சேதி

கேள்வி: ஞானப்பல் பிடுங்கப் போகிறேன். "பயமில்லை" என்று டாக்டரை ஏமாற்ற முடியுமா?

பதில்: வாய் மறைத்தாலும் அதில் ஊறும் எச்சில் காட்டிக்கொடுத்துவிடும். எச்சிலில் இருந்து இட்லியின் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி, மனசு பதறினால் சில நிமிடங்களிலேயே எகிறும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி விடும் பதற்ற ஹார்மோனான கார்டிசால் நிதானக்காரர். எச்சிலில் உச்சம் தொட 20, 30 நிமிடமாகும். இதை அளக்க ரத்தம் எடுத்தால் ஊசிக்கே பயந்து அளவு ஏறலாம்; எச்சிலுக்குப் பஞ்சுச் சுருளை வாயில் ஒதுக்கிக்கொண்டால் போதும். விழித்த அரைமணியில் கார்டிசால் பெரும்பாலோருக்குத் தானாகவே ஏறும். எனவே எச்சில் எடுத்த நேரத்தைக் குறிக்காத சோதனையை நம்பவே நம்பாதீர்கள். பயமிருந்தால் டாக்டரிடம் வாய்விட்டே சொல்லிவிடுங்கள். சோதனை முடிவு வருவதற்குள் பல் உங்கள் கையில் இருக்கும்!