ஏசி நடுக்கவியல்: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

நிற்புழிக் குலுங்கலும் ஓடுழி அடங்கலும்
ஏசி போட்ட ஊர்திக்கு உரித்தே.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், சும்மா நிற்கும் கார் ஏசியைப் போட்டதும் ஏன் உடம்பெல்லாம் உதறுகிறது என்பதை ஆராய்தல் நுதலிற்று. நிற்புழி என்றது வடபழனி சிக்னல் முதலாயின. ஓடுழி என்றது அச்சிக்னல் பச்சையான பின். உரித்தே என்றது உலக வழக்கு நோக்கி; 'பழைய வண்டின்னா அப்படித்தான் சார்' என்பது பெரும்பான்மையோர் துணிபு. அத்துணிபை மறுப்பதே இவ்வுரையின் வேலை.

ஆய்வுக் களம் கத்திரி வெயில். கருவிகள், ஆர்பிஎம் முள்ளும் டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையாரும். ஏசி அணைந்திருக்கையில் முள் 800-ஐ ஒட்டி நிற்கிறது. பட்டனை அழுத்தியதும் பானெட்டுக்குள் 'டிக்' என்றொரு சத்தம். கம்ப்ரஸர் கிளட்ச் காந்தமாகிப் புல்லியைக் கவ்விய சத்தம் அது. நலமான வண்டியில் முள் ஒரு கணம் தாழ்ந்து, உடனே பழைய இடத்துக்கு வரும். பல வண்டிகளில் நூறு, இருநூறு மேலேயே போய் நிற்கும். நோயுற்ற வண்டியில் 500-க்கு இறங்கி, எழுந்து, மறுபடி இறங்கி, ஸ்டியரிங்கை உலுக்கி, பின்னால் நிற்கும் ஆட்டோவைக் கண்ணாடியில் இரண்டாகக் காட்டும். பிள்ளையார் விடாமல் தலையாட்டுவார்.

பிள்ளையாரை மட்டும் நம்பி முடிவுக்கு வருதல் கூடாது. அவர் ஆட, முள் அசையாமல் நின்றால், குற்றம் என்ஜின் மவுண்டிங்கினுடையது. ரப்பர் செத்துப்போய், என்ஜினின் இயல்பான அதிர்வை அப்படியே பாடிக்கு அனுப்புகிறது. அவரும் முள்ளும் சேர்ந்து ஆடினால்தான் மேற்கொண்டு ஆய்வு. மூன்று சிலிண்டர்காரர்கள் சிறு ஆட்டத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். அது பிறவிக் குணம்.

முன்னோர் வரலாறு கூறல் ஆய்வு மரபு. தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திய காரை 1939-இல், தன் 1940 மாடலாக, அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் கொண்டுவந்தது. குளிர்விக்கும் பெட்டி டிக்கியில் இருந்தது. கம்ப்ரஸருக்குக் கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாமென்றால் என்ஜினை அணைத்து, இறங்கி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். 'ஏசியை ஆஃப் பண்ணிப் பார்த்தீங்களா?' என்று அன்றைய மெக்கானிக் சாவகாசமாகக் கேட்டிருக்க முடியாது. நம் பக்கத்து வரலாறு 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இலிருந்து தொடங்குகிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர். ஆரம்ப கால என்ஜின்கள் 40 குதிரைத்திறனைத் தொட்டதில்லை. அந்தச் சின்ன லாயத்திலிருந்து கம்ப்ரஸர் சில குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு போய்விடும். மேம்பாலம் ஏறும்போதும் லாரியை ஓவர்டேக் பண்ணும்போதும் ஏசியை அணைக்கிற இடக்கைப் பழக்கம் இந்த வம்சத்தார் வளர்த்தது. அதைக் கண்டு சிரிப்பவர் ஒன்றை அறிக: ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் கம்ப்ரஸரைச் சற்று நேரம் தானே துண்டிக்கும்படி, பிற்காலத்துக் கார்கள் பலவற்றில் கம்ப்யூட்டருக்கே கற்பித்திருக்கிறார்கள். மாமாக்களின் கைப்பழக்கம் மென்பொருளாகிவிட்டது.

இனிப் பிறர் மதம் கூறி மறுத்தல்.

முதலாவது கேஸ் மதம். நடுங்கும் வண்டியோடு ஏசி கடைக்குப் போனால் முதல் வாக்கு, 'கேஸ் கம்மி சார்' என்பது. அது பொருந்தாது. கேஸ் குறைந்தால் கம்ப்ரஸர் அழுத்துவதற்குச் சரக்குக் குறைவு. சுமை குறையுமே அன்றிக் கூடாது. அற்றேல், கேஸ் குறைந்த வண்டியிலும் முள் ஏறி இறங்குகிறதே எனின், அது வேறு. அழுத்தம் தாழ்ந்ததும் ஸ்விட்ச் ஒன்று கிளட்சை விடுவிக்கும். சற்றுப் பொறுத்து மறுபடி கவ்வ வைக்கும். 'டிக்... டிக்' என்று அடிக்கடி கேட்டால் கேஸ் மதத்தார் சொல்வதைக் கேட்கலாம். கேளாமல் நடுங்கினால், அவர்களைத் தடுத்தே ஆகவேண்டும். ஏனெனில் அளவுக்கு மீறி கேஸ் அடைத்தால் சுமை உண்மையாகவே கூடும். 'கம்மி' என்று கூடுதலாக அடித்து அனுப்பிய வண்டி, போனதைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு வீடு திரும்புவது தர்க்கத்துக்கு முற்றிலும் உடன்பாடே.

இரண்டாவது ஸ்க்ரூ மதம். 'ஸ்லோ ஸ்பீடைக் கொஞ்சம் ஏத்தி விட்டா சரியாயிடும்' என்பது இதன் மூலமந்திரம். கார்ப்பரேட்டர் காலத்து வைத்தியம் இது. அந்தக் காலத்திலும், ஏசி போட்டால் மட்டும் வேகத்தைத் தூக்கிவிட வேக்குவத்தில் இயங்கும் கருவி ஒன்று பல வண்டிகளில் இருந்தது; அதன் ரப்பர் டியூப் வெடித்துக் கிடப்பதைப் பாராமல் ஸ்க்ரூவைத் திருகினார்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் அந்த ஸ்க்ரூ தொழிற்சாலையிலேயே அளந்து வைத்தது. தொட்டால் கம்ப்யூட்டரின் கணக்குக் குழம்பும்; பெட்ரோலும் கூடச் செலவாகும்.

மூன்றாவது குதிகால் மதம்: முன்காலால் பிரேக், குதிகாலால் ஆக்சிலரேட்டர். இது வாடகை டிரைவர்களின் யோகாசனம், மறுக்கவும் தகுதியற்றது.

இனிச் சித்தாந்தம்.

மூச்சுக் குழலில் முதற்கண் தேடுக.

ஐட்லிங்கில் என்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் அளவுக்கே சம்பாதிக்கிறது, கையில் மிச்சமில்லை. த்ராட்டில் பாடியின் பட்டாம்பூச்சித் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும்; மயிரிழை இடுக்கிலும் பக்கவழியிலும்தான் காற்று போகும். கம்ப்ரஸர் கவ்வப்போகிறது என்ற சிக்னல் கம்ப்யூட்டருக்கு வந்ததும், அது ஐட்லிங் வால்வைத் திறந்தோ தகட்டையே சற்றுத் திருப்பியோ கூடுதல் காற்று விடும். இது ஏற்பாடு. ஆனால் என்ஜினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய்ப் புகை ஆண்டுக்கணக்கில் அங்கே படிகிறது. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்: பித்தளை நிறத் தகட்டின் விளிம்பில், கண்ணுக்கு மை தீட்டியதுபோல் கறுப்பு வளையம். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். ஏசி இல்லாதபோது வால்வு தன் எல்லைவரை திறந்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஏசி வந்து இன்னும் கேட்டால், திறக்க இடமில்லை. நோய் முன்பே இருந்தது. ஏசி அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே.

துடைப்பதற்கென்றே ஸ்ப்ரே விற்கிறது. துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டிலாயின் சாவி போட்ட நிலையில் தகட்டை விரலால் தள்ளுதல் கூடாது. துடைத்தபின் சில நேரம் ஐட்லிங் ஏறி நிற்கும். கம்ப்யூட்டர் பழைய அழுக்குக்குப் பழகியது. புதிய சுத்தத்தைக் கற்கச் சற்றுக் காலம் வேண்டும். சில வண்டிகளுக்கு ஸ்கேனர் போட்டே கற்பிக்க வேண்டும்.

கடா: எல்லா நடுக்கமும் கரியால்தானா? விடை: அன்று. தேய்ந்த ஸ்பார்க் பிளக், விரிசல் விட்ட வேக்குவம் டியூப், அடைத்த ஏர் ஃபில்டர் யாவும் இதே வேலையைச் செய்யும். இவற்றை ஏசிப் பக்கத்துக் குற்றத்திலிருந்து பிரித்தறிய வழி எளிது. ஏசியை அணைத்து, ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டு, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்புக. ஆல்டர்நேட்டரும் பவர் ஸ்டியரிங்கும் சுமை கேட்கும். அதற்கும் முள் தாழ்ந்து தத்தளித்தால், எந்தச் சுமையையும் தாங்காத என்ஜின் அது. ஏசி கடைக்குப் போக வேண்டாம். அதற்கெல்லாம் அசையாமல் ஏசிக்கு மட்டும் விழுந்தால், அந்தப் பக்கம் தேடலாம். வெளியில் ஏசி பொருத்திய பழைய வண்டிகளில், கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டிய ஒயரையே இணைக்காமல் விட்டிருப்பதும் உண்டு. 'டிக்' கேட்கும், என்ஜினுக்குத் தகவல் போகாது.

'ஓடுழி அடங்கலும்' என்றதற்கும் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். ஓடும்போது த்ராட்டில் திறந்திருக்கும், சக்தி மிச்சமிருக்கும், அது பொதுவிதி. ஆனால் ஓடும்போது ஐஸ் மாதிரி காற்றும், சிக்னலில் வெந்நீர் மாதிரி காற்றும் வந்தால் கண்டென்சர் ஃபேனைப் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் எதிர்காற்றே கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நின்றால் ஃபேன்தான் கதி. அது சுற்றாவிட்டாலோ, இடுக்கெல்லாம் தூசும் பூச்சியும் அப்பியிருந்தாலோ, அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர் இரட்டிப்பு பாரமாகும். முன்கிரில் வழியாக ஒரு மக் தண்ணீரைக் கண்டென்சர்மேல் மட்டும் மெல்ல ஊற்றுக. சில நிமிடம் நடுக்கம் தணிந்து குளிர் திரும்பினால் தீர்ப்பு எழுதிவிடலாம்.

எனவே, 'கம்ப்ரஸர் போச்சு சார், மாத்திடலாம்' என்று யாராவது சொன்னால், சரியென்று சொல்லுமுன் ஹெட்லைட்டைப் போட்டு முள்ளைப் பாருங்கள். த்ராட்டில் பாடியைத் துடைப்பது ஒரு பிற்பகல் வேலைதான். கம்ப்ரஸர் பில் பல ஆயிரத்தில் வரும்.