வரி வசூலாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? புதிய நகராட்சித் தலைவர்களுக்கு ஒரு கையேடு

வாழ்த்துகள், தலைவரே. மாலை, சால்வை எல்லாம் வந்து முடிந்திருக்கும். இனி வருகிறவர்கள் தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் என்று ஆரம்பிப்பார்கள். மூன்றுக்கும் பணம் வேண்டும். பணத்துக்குச் சொத்து வரி வேண்டும். ஆனால் வரி கட்ட வேண்டியவர்தான் ஓட்டும் போட்டவர். ஆகவே கேட்கிற மாதிரியும் இருக்க வேண்டும், வசூலும் ஆகக் கூடாது. பயப்படாதீர்கள், இதற்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள்.

முதல் வேலையாக, அலுவலகத்தில் உள்ள அளவு நாடாவை எங்காவது ஒளித்து வையுங்கள். வரி விகிதத்தைப் பற்றி மன்றத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், வெளிநடப்புகூடச் செய்யலாம். கட்டடத்தை அளப்பது பற்றி மட்டும் பேச்சே எழக் கூடாது. ஓட்டு வீடாக ஏட்டில் ஏறிய ஒன்று இன்றைக்குக் கீழே மருந்துக்கடை, மேலே இரண்டு போர்ஷன், மாடியில் டியூஷன் சென்டர் என்று வளர்ந்து நிற்கும். ஏட்டில் அது இன்னமும் ஓட்டு வீடுதான். பில் கலெக்டர் தலைவலி மாத்திரை வாங்குவதே அந்த மருந்துக்கடையில்தான். அண்ணாந்து பார்க்க மாட்டார். மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை செயற்கைக்கோள் தரவை வைத்துக் கணக்குப் போட்டு, பெங்களூருவும் ஜெய்ப்பூரும் வசூலிக்கக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதம்தான் வசூலிக்கின்றன என்று எழுதியது. பெங்களூருவே அப்படி என்றால் உங்கள் ஊர் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அளக்காமல் விட்டதில் இன்னொரு லாபமும் உண்டு. நகராட்சிக் கணக்கில் கேட்பு (அதாவது வர வேண்டிய வரி), வசூல், நிலுவை என்று மூன்று கட்டங்கள் இருக்கும். மேலிடத்துக் கூட்டங்களில் எல்லோரும் பார்ப்பது வசூல் சதவீதத்தை. கேட்பு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்க ஆள் இல்லை. ஏட்டில் வராத வீட்டுக்குக் கேட்பு கிடையாது, கேட்பு இல்லாத இடத்தில் நிலுவையும் கிடையாது. பாதி ஊரைக் கணக்கில் சேர்க்காமலே 95 சதவீதம் வசூல் காட்டி, கலெக்டர் கையால் கேடயம் வாங்கலாம்.

அடுத்தது காலம் பார்ப்பது. இதில் தமிழ்நாட்டை மிஞ்ச ஆளில்லை. சென்னையில் 1998-ல் சொத்து வரியைச் சீரமைத்தார்கள். பிறகு இருபது ஆண்டு உறக்கம். 2018-ல் திடீரென்று விழித்து உயர்த்தினார்கள். 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வாசலில் வந்து நின்றதும், அதை நிறுத்தி வைத்துவிட்டு, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த தவணைகளில் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். முறையாகக் கட்டியவன் அசடு, இழுத்தடித்தவன் கெட்டிக்காரன் என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இதற்கு நடுவே, 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை நகர்ப்புறங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. தனி அலுவலர்கள் ஆட்சி. வரியை உயர்த்தாத பழியைச் சுமக்கவும் ஆள் இல்லை.

2022 பிப்ரவரியில் தேர்தல் முடிந்தது. ஏப்ரலில் வரி ஏறியது. பெரும்பாலான ஊர்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், பெரிய வீட்டுக்கு 100, பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியில் 1,800 சதுர அடிக்கு மேல் என்றால் 150. இந்த ஏற்பாட்டை நன்றாகக் கவனியுங்கள். ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் மக்கள் முணுமுணுத்துவிட்டுக் கட்டியிருப்பார்கள், காரியம் கெட்டிருக்கும். ஒரே நாளில் ஏற்றினால்தான் போராட்டம், கண்டன அறிக்கை, அடுத்த இருபது ஆண்டுக்கு வரியைத் தொடாமலிருக்க ஒரு காரணம் எல்லாம் கிடைக்கும்.

யார் ஏற்றச் சொன்னது என்று கேட்டால் விரலை மேலே காட்டுங்கள். நகராட்சி மாநில அரசைக் காட்டும். மாநில அரசு 15-வது நிதிக்குழுவைக் காட்டும். இது பொய்யும் அல்ல: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், வசூல் மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்து உயர வேண்டும், அப்போதுதான் நகரங்களுக்கு மானியம் என்று அந்தக் குழு நிபந்தனை போட்டது. தன் ஊர்ச் சாக்கடைக்குத் தன் ஊரில் வசூலிக்க டெல்லியிலிருந்து ஒருவர் மிரட்ட வேண்டியிருக்கிறது.

தொழில் வரியைப் பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம். அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 1988-லிருந்து காவல் காக்கிறது. மாதம் பல லட்சம் சம்பாதிக்கிறவரும் அதே 2,500-தான்.

எதுவுமே செய்யவில்லை என்ற பேச்சு வந்தால் நாடகம் போடுங்கள். 2006-ல் பாட்னா மாநகராட்சி, பாக்கி வைத்த கடைகளின் முன்னால் திருநங்கைகளைப் பாட வைத்து, வசூலில் 4 சதவீதம் கமிஷன் கொடுத்தது. உலகப் பத்திரிகையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதின. ஒரு சமூகத்தை ஊர் ஒதுக்கி வைத்திருப்பதையே வசூல் கருவியாக்கியது எனக்குச் சிரிப்பாக இல்லை. ஆனால் படம் நன்றாக வந்தது, அளவு நாடாவுக்கும் வேலை வரவில்லை. படித்த அதிகாரி யாராவது ஊழியர்களுக்கு வசூலுக்கு ஏற்ற ஊக்கத்தொகை கொடுக்கலாம் என்பார். பாகிஸ்தானின் பஞ்சாபில் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வசூல் நிஜமாகவே கூடியது. ஆனால் கூடுதல் பணம் வந்தது புதிதாக ஏட்டில் ஏறிய, மறுபடி மதிப்பிடப்பட்ட சில கட்டடங்களிலிருந்து; மற்ற பலரின் வரி அப்படியே இருக்க, லஞ்சம்தான் ஏறியது என்றார்கள்.

தவறியும் ஃப்ரீடவுன் பக்கம் போய்விடாதீர்கள். சியரா லியோனின் தலைநகரமான அங்கே, 2018-ல் மேயரான யுவோன் அகி-சாயர், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஒவ்வொரு கூரையாக எண்ண வைத்தார். கூரை எதனால் ஆனது, வீட்டு வாசல் வரை ரோடு வருகிறதா என்று வெளியிலிருந்தே தெரிகிற அடையாளங்களுக்குப் புள்ளி போட்டு வரி விதித்தார்கள். ஏட்டில் இருந்த கட்டடங்கள் ஏறக்குறைய இரு மடங்காயின. சுமை சின்ன வீடுகளிலிருந்து பெரிய வீடுகளுக்கு நகர்ந்தது. பெரிய வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேசிய அரசின் அமைச்சகம் இடையில் வந்து வசூலை நிறுத்தி வைத்தது.

இந்தக் கையேடு தவறிப்போய் வரி கட்டுகிறவர் கையில் கிடைத்திருந்தால், அவருக்கு இரண்டு வார்த்தை. அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளைக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, தள்ளுபடி உண்டு. கட்டிய கையோடு ரசீதில் உள்ள சதுர அடியும் உங்கள் வீடும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு வார்டு கவுன்சிலரிடம் போய், உங்கள் தெருவின் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலைக் கேளுங்கள். முதலில் கேட்பைப் பாருங்கள்.