புறங்கை மீட்டர்

எங்கள் ஊர் எலக்ட்ரீஷியனின் சட்டைப் பையில் டெஸ்டர் குத்திக்கொண்டு நிற்கிறது. அதை அவர் வெளியே எடுத்து நான் பார்த்தது காது குடைவதற்கு மட்டும்தான். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கக் கை போதும் அவருக்கு. அதுவும் உள்ளங்கை இல்லை, புறங்கை. கரண்ட் அடித்தால் விரல்கள் தானாக மடங்கும். உள்ளங்கையால் தொட்டால் கம்பியைப் பிடித்தபடி மாட்டிக்கொள்வோம், புறங்கை என்றால் விலகி வந்துவிடும். உண்மைதான். ஆனால் இதை எனக்கு விளக்கிய கையில் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

வோல்ட், ஆம்பியர் எல்லாம் மின்வாரியத்துக்கு. பாத்ரூமில் தொட்டுப் பார்க்க இவருக்கு நான்கே அளவுகள். ‘கூசுது’ என்றால் தாராளமாகக் குளிக்கலாம். ‘எறும்பு கடிக்குது’ என்றால் செருப்புப் போட்டுக்கொண்டு குளிக்கலாம். ‘இழுக்குது’ என்றால் குழந்தைகளை மட்டும் விடக்கூடாது. ‘அடிக்குது’ என்றால்தான் மெயினை அணைப்பார். அணைந்துவிட்டதா என்று இன்னொரு தரம் தொட்டுப் பார்ப்பார்.

ரிஷிவந்தியத்தில் பாத்ரூமை இடித்துக் கட்டுகிற எவரும் இவரிடமிருந்து தப்ப முடியாது. மார்கழியில் கல்வராயன் மலைப் பக்கத்துக் குளிர் இறங்கிவிட்டால் வெந்நீர் கேட்காத பிள்ளை யார்? பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன், ஹீட்டர் மாட்டினால்தான் பொங்கலுக்கு வருவேன் என்றுவிட்டான். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னாலேயே இவரை வரச்சொல்லியிருந்தோம். ஒட்டி முடித்த மறுநாள் வந்து, “பைப் எங்க சார் பதிச்சிருக்கீங்க?” என்று சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டார்.

ஹீட்டர் 2000 வாட். 230 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். டி.பி. பாக்ஸிலிருந்து அதற்கென்று தனி எம்.சி.பி., தனியாக 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர் வேண்டும். இவர் பல்புக்குப் போகிற மெல்லிசு வயரிலிருந்தே கொக்கி போட்டு எடுத்துவிட்டார். தாங்குமா என்றேன். வயரைப் புறங்கையால் தடவி, “சூடே இல்லியே சார்” என்றார். ஹீட்டரைப் போட்டுவிட்டுத் தொடச் சொன்னேன். “வெதுவெதுன்னு இருக்கு. ஹீட்டர் வயர் சார், பின்ன எப்படி இருக்கும்?”

மகன் அனுப்பிய காசில் ஒரு ஆர்.சி.சி.பி. வாங்கி வைத்திருந்தேன். லைனில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வழியில் கசிந்தாலே பட்டென்று துண்டித்துவிடும். மாட்டினார். ஹீட்டரைப் போட்டதும் விழுந்தது. தூக்கிவிட்டார், மறுபடியும் விழுந்தது. “பீஸே சரியில்ல சார், சும்மா சும்மா விழுது” என்று கழற்றி, வயர்களை நேராக முறுக்கி டேப் சுற்றிவிட்டு, கருவியைப் பத்திரமாக என் கையில் கொடுத்தார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த வேறொரு எலக்ட்ரீஷியன் பையன் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தான். எங்கள் ஊர்க் கோயில் அர்த்தநாரீஸ்வரர் கோயில் அல்லவா, நம்மவர் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரே உடம்பாக்கி வைத்திருந்தார். திரும்ப வேண்டிய கரண்டில் கொஞ்சம் எர்த் வழியாகப் போனால் கருவி விழாமல் என்ன செய்யும்? கேட்டதற்கு, “எர்த்து சரியா வரல சார், நியூட்ரல்ல குடுத்துட்டேன். எல்லாம் மண்ணுக்குத்தானே போவுது?” என்றார்.

இங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. எர்த் குழி காய்ந்து கிடக்கிற வீட்டில் இப்படி முறுக்கிவிட்டு, நடுவில் நியூட்ரல் அறுந்தால், ஹீட்டர் உடம்பு முழுக்க லைன்தான். அடியில் நிற்பவன் சோப்பு போட்டு நனைந்திருப்பான், வெறுங்காலோடு. அவனுக்குப் புறங்கை, உள்ளங்கை என்று தேர்ந்தெடுக்கவெல்லாம் நேரம் கிடைக்காது. காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலை இது.

ஆனாலும் மனிதரை வெறுக்க முடிவதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணைத் தண்ணீர் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டபோது, முழங்கால் தண்ணீரில் வீடு வீடாகப் போய், யாரும் உள்ளே கால் வைப்பதற்குள் மர ஸ்டூலில் ஏறி ஃபியூஸைப் பிடுங்கி வைத்தவர் இவர்தான். டீ மட்டும் குடித்தார்.

கடைசியில் கொல்லையில் புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, ஜி.ஐ. பைப் இறக்கினோம். தோண்டியது இவர்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தோண்டினார். நியூட்ரலையும் எர்த்தையும் பிரித்து ஆர்.சி.சி.பி. மாட்டிய பிறகு ஹீட்டரைப் புறங்கையால் தொட்டுவிட்டு, “ஒண்ணுமே தெரியலியே, கரண்ட் வருதா?” என்று என் மனைவியைக் கேட்டார். “தண்ணி கொதிக்குது தம்பி” என்றாள்.

இப்போது தெருவில் எர்த் இல்லாமல் இவர் பாத்ரூம் வேலையே எடுப்பதில்லையாம். எதிர்வீட்டுக்காரர் செலவுக்கு யோசித்தபோது, என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொன்னார்: “சாரும் மொதல்ல வேணாம்னுதான் சொன்னாரு. நான் விடலியே.”