அய்யனார் கோவிலுக்கு அனுமதிச் சீட்டு

காவல் தெய்வமான அய்யனாரைக் கும்பிடப் போகிறவருக்கும் வனத்துறையின் அனுமதி வேண்டுமா?

எல்லை காப்பவரைப் பார்க்க எல்லையில் கேட்டுக்கொண்டு செல்வதுதானே முறை? ராஜபாளையத்துக்கு மேற்கே இக்கோவிலைச் சூழ்ந்த மலைக்காடு, 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட நிலப்பரப்பைச் சார்ந்தது. சரணாலயத்துக்குள் நுழைய அனுமதியும் கட்டணமும் விதிக்க இடமளிக்கும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், தன் 28ஆம் பிரிவில் ஆராய்ச்சி, ஒளிப்படம், சுற்றுலா முதலிய நோக்கங்களை வரிசைப்படுத்துகிறதே தவிர, வழிபாட்டைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. காடு சரணாலயமாவதற்கு முன்பே வந்துகொண்டிருந்த பக்தரின் உரிமையை அச்சட்டம் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஆனால், கோவில் வழியிலுள்ள ஆற்றில் திடீர் வெள்ளம் இறங்கும் மழைநாளில் வழி அடைக்கப்படுவது கட்டணத்துக்காக அன்று, உயிருக்காக.