‘அப்புறம் பாத்துக்கலாம்’ அண்ணன்

ஜெராக்ஸ், டிடிபி, லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டு போட்ட கடை எந்த ஊரில் இருந்தாலும் உள்ளே இவர் இருப்பார். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவிலுக்குத் திரும்பும் வழியில், குயிலாப்பாளையத்தில் இருப்பவரைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் வேண்டாம், ஊருக்கே அவர் அண்ணன். கடைக்கு வெளியே நாலு தேசத்துக்காரர்கள் பேட்டரி ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருப்பார்கள். உள்ளே 2009 நடந்துகொண்டிருக்கும்.

கணினித் திரையின் மூலையில் ‘அப்டேட் தயார்’ என்று பெட்டி எழும்பினால் அண்ணனின் வலதுகைச் சுட்டுவிரல், மூளையைக் கேட்காமலே ‘பிறகு நினைவூட்டு’ பொத்தானை அமுக்கிவிடும். பட்டா எடுக்க நிற்கிறவர் “இன்னாண்ணே அது?” என்றால், “அது கெடக்குது, அப்புறம் பாத்துக்கலாம்” என்பார். தலைமுறை தலைமுறையாகக் கந்துவட்டிக்காரனைச் சமாளித்த வம்சத்துக்கே வரும் நிதானம் அது.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். கடற்கரைக் காற்றின் உப்பு ஏறி மிஷின் கிளம்பாமல் அடம்பிடித்தால், மூடியைக் கழற்றி, ராம் கார்டை உருவி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பித்தளை நிறப் பல்வரிசையைத் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகி, அஞ்சு நிமிஷத்தில் ஓடவிட்டுவிடுவார். ரிப்பேர் என்றால் பயமில்லை. புதுசு என்றால்தான் பயம். அதற்கு அவர் சொல்லும் நியாயம் மரக்காணத்திலிருந்து வந்தது. மச்சானுக்கு அங்கே உப்பளத்தில் வேலை. “பாத்தியில உப்பு வெளஞ்சி நிக்கறப்ப மழ பெஞ்சா எப்பிடி? அதான் இந்த அப்டேட்டு. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

அனுபவித்தவர் பேச்சு அது. விண்டோஸ் எக்ஸ்பியை 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் கம்பெனி கைகழுவியபோது ஏதோ பங்காளி வீட்டுத் துக்கம்போல ஏழுக்கு மாறினார். எட்டில் ஸ்டார்ட் பொத்தானையே காணோம் என்று கேள்விப்பட்டு அந்தப் பக்கமே போகவில்லை. 2016-இல் பத்து இலவசம் என்று பெட்டி வந்தது. பெருக்கல் குறியை அமுக்கினால் பெட்டி மூடும் என்பதுதானே உலக வழக்கம்? அந்தப் பெட்டி அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்தால், திரை முழுக்க நீலம், நடுவில் 27 சதவீதம், ‘கணினியை அணைக்காதீர்கள்’. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. யுபிஎஸ் கீச் கீச் என்று பத்து நிமிஷம் கத்திவிட்டு அடங்கியது. கலிபோர்னியாவில் ஒரு பயண ஏற்பாட்டாளர் இதே தொல்லைக்கு வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார் என்று பிறகு செய்தி வந்தது. அண்ணன் அதைப் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, சாமி படத்துக்குக் கீழே மாட்டினார்.

இருந்தாலும் பத்தோடு சமாதானமாகிவிட்டார். இதுதான் கடைசி விண்டோஸ் என்று கம்பெனி ஆள் ஒருவரே 2015-இல் மேடையில் பேசியிருந்தார். அண்ணனும் நம்பினார். 2021 அக்டோபரில் பதினொன்று வந்தது.

பதினொன்றுக்குத் தன் மிஷின் தேறுமா என்று சோதித்தார். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, செயலியும் பழசு, ஆகவே தகுதியில்லை என்று பதில். “தெனம் ஊருக்கே வேல செய்யுது, அதுக்குத் தகுதி இல்லியாமே!” கடைசியில் மகள் மாதத் தவணையில் ஒரு புது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். அதற்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஓட்டிப் பார்த்தார். ஸ்டார்ட் பொத்தான் மூலையிலிருந்து நடுவுக்கு வந்திருந்தது. எதை வலது கிளிக் செய்தாலும் பாதிப் பட்டியல்தான். மீதி வேண்டுமானால் இன்னொரு கிளிக். பழைய லேசர் பிரிண்டரை அது யாரென்றே தெரியாது என்றது.

அதெல்லாம்கூடப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது தமிழில் நடந்தது.

அண்ணன் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். தொழில் செய்வது பேஜ்மேக்கரில். 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு அதன் கதை முடிந்துவிட்டது என்பது தமிழ்நாட்டு டிடிபிக்காரர்களில் பலருக்கு இன்னும் எட்டவில்லை. எட்டினாலும் லட்சியம் செய்யவில்லை. அதில் யூனிகோடு தமிழ் வராது. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்கள்தான். அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குடியிருக்கின்றன. எழுத்துரு இல்லாத மிஷினில் கோப்பைத் திறந்தால், ‘தமிழ்’ என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி நிற்கும்.

புது மிஷினில் முதலில் திறந்தது ஒரு காரியப் பத்திரிகை. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, எங்கண்ணன் பேரு இங்கிலீஷ்ல நிக்குது?”

“பேரு அதேதான் பெரியப்பா. எழுத்து போயிடுச்சி.”

“அண்ணன்தான் போயிட்டாரு. எழுத்துமா போவணும்?”

இதற்கு எந்தக் கம்பெனியின் உதவிப் பக்கத்திலும் பதில் கிடையாது. யூனிகோடு தமிழ் 2000-ஆம் ஆண்டு விண்டோஸிலேயே வந்துவிட்டது, 2010-இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்று ஆணை போட்டுவிட்டது என்று நான் எடுத்துச் சொன்னேன். “ஆணை போட்டவரு வந்து கல்யாணப் பத்திரிக அடிப்பாரா?” என்றார். இருபது வருஷம் விரலில் ஏறிய தொழில் அது. ஒவ்வொரு புதுப் பதிப்பும் அதைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறது. இதில் நான் அவர் கட்சி.

லினக்ஸ் போடச் சொல்லி, ஆரோவிலில் தங்கியிருக்கும் குடுமி வைத்த பையன் ஒருவன் யோசனை சொன்னான். இலவசம், பழைய மிஷினிலும் ஓடும், உண்மைதான். “கவர்மெண்டு லேப்டாப்புல விண்டோசு கூட அதையுந்தான் போட்டுக் குடுத்தாங்க. எவன் தொறந்தான்?” என்று அண்ணன் முடித்துவிட்டார்.

பத்துக்கும் 2025 அக்டோபர் 14-இல் கெடு முடிந்தது. பதிவு செய்தவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு ஒட்டு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு. ஒட்டுப் போடாத மிஷினின் ஓட்டை வழியாகத் திருடன் வருவான் என்பதும் வெறும் பூச்சாண்டி இல்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகத்தையே முடக்கியபோது திருப்பதி தேவஸ்தானக் கணினிகள் சிலவும் மாட்டின. சொன்னேன். “பெருமாளுக்கே வந்துச்சின்னா எனக்கு வராதா? வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

இப்போது கடையில் இரண்டு மிஷின். புதுசு மகள் மேற்பார்வையில் ஆதார், பட்டா, ஹால் டிக்கெட் பார்க்கிறது. பழசு பத்திரிகைகளுக்கு. மகள் ஒருநாள் சத்தமில்லாமல் பழசின் இன்டர்நெட் வயரை உருவிவிட்டாள். அப்டேட் பெட்டி வருவது நின்றுபோனதற்கு ரப்பர் போட்டுத் தேய்த்ததுதான் காரணம் என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பக்கம் போனால் காதுகுத்துப் பத்திரிகையைத் தைரியமாக அவரிடம் கொடுங்கள்; பிழையில்லாமல் அடித்துத் தருவார். பேங்க் பாஸ்வேர்டு போட வேண்டிய வேலை என்றால் மகள் இருக்கும் நேரமாகப் போங்கள்.