யார் அனுப்பியது என்று யார் சொன்னது?

கே: எங்கள் கம்பெனிக்கு வரும் ஸ்பாமில் பாதி, முதலாளியின் சொந்த முகவரியிலிருந்தே வருகிறது. அவரையே பிளாக் செய்துவிடலாமா? (பிளாக்ஹவுஸ் பே)

ப: சம்பளம் வந்த பிறகு செய்யுங்கள்.

அனுப்புநர் வரி, மொய்க் கவரின் மேல் எழுதும் பெயர் மாதிரி. யாரும் யார் பெயரையும் எழுதலாம். மெயிலின் முழுத் தலைப்பைத் திறந்து 'ரிசீவ்டு' வரிகளைப் பாருங்கள். வழியிலுள்ள ஒவ்வொரு சர்வரும் தன் வரியை முந்தையதற்கு மேலே சேர்க்கும். எனவே மேலிருந்து கீழே படிக்க வேண்டும். வெளியாளிடமிருந்து மெயிலை வாங்கிய உங்கள் சர்வர் எழுதிய வரியில் ஓர் ஐ.பி. எண் இருக்கும். கதவைத் தட்டியவனை அது நேரில் பார்த்துக் குறித்துக்கொண்ட எண், அதை நம்பலாம். அதற்குக் கீழே இருப்பது முழுக்க ஸ்பாமரின் சிறுகதையாகவும் இருக்கலாம். சிலருக்கு நல்ல நடை.

முதலாளியின் மானத்தைக் காப்பாற்ற, மெயில் உண்மையில் உங்களுடையதுதானா என்று மற்ற சர்வர்கள் சரிபார்க்க உதவும் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றையும் உங்கள் டொமைனுக்குப் போடுங்கள். டிமார்க்கை முதலில் வெறும் கண்காணிப்பில் வையுங்கள். உங்கள் பெயரில் எந்தெந்த எண்ணிலிருந்து மெயில் போகிறது என்று அறிக்கை வரும். அதில் உங்கள் கணக்கு மென்பொருள் அனுப்பும் பில்களும் இருக்கும். அவற்றைச் சரிசெய்துவிட்டு 'நிராகரி'க்கு மாற்றுங்கள். அவசரப்பட்டால் முதலில் மாட்டுவது உங்கள் பில்தான்.

கே: ஐ.பி. எண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆளைப் பிடித்த மாதிரிதானே? (லின்ஃபீல்ட்)

ப: பெரும்பாலும் வைரஸ் பிடித்த ஏதோ ஒரு வீட்டுக் கணினியைப் பிடித்திருப்பீர்கள். 'ஹூஇஸ்' பதிவில் அந்த எண் எந்த நிறுவனத்துடையது, புகாரை எங்கே அனுப்புவது என்று இருக்கும். தலைப்பு முழுவதையும் சேர்த்து அங்கே அனுப்புங்கள். வசவு வேண்டாம், வரிகள் போதும்.

கே: ஸ்பாமருக்கே நாலு வார்த்தை திட்டிப் பதில் போட்டால் என்ன? (அவொண்டேல்)

ப: முகவரி உயிரோடு இருக்கிறதா என்றுதான் அவனுக்குச் சந்தேகம். தீர்த்துவைக்கிறீர்கள்.

கே: ஸ்பாமெல்லாம் நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று ஐ.டி. ஆள் சொல்கிறார். இந்தியாவையே தடுத்துவிடலாமா? (மவுண்ட் ராஸ்கில்)

ப: சென்னை சப்ளையரின் பில் வராது, அதில் உங்களுக்குச் சந்தோஷம் இருக்கலாம். ஆனால் 'ஹெர்பல் கிங்' கதையை ஐ.டி. ஆளுக்குச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் உலகின் பெரிய ஸ்பாம் கும்பல்களில் ஒன்றாக இருந்தது அது. அது விளம்பரம் செய்த மாத்திரைகள் போனது இந்தியாவிலிருந்து. விளம்பர மெயில்களுக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் லான்ஸ் அட்கின்சன் என்ற நியூசிலாந்துக்காரர். 2008 டிசம்பரில் கிறைஸ்ட்சர்ச் உயர் நீதிமன்றம் அவருக்கு 1 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அந்தத் தர்க்கப்படி முதலில் தடுக்க வேண்டியது கிறைஸ்ட்சர்ச்சை.

கே: தடுப்புப் பட்டியல் நடத்துகிறவர்களை யார் தட்டிக் கேட்பது? (நியூ லின்)

ப: கேட்டிருக்கிறார்கள், இங்கே நியூசிலாந்திலேயே. தொண்ணூறுகளின் கடைசியில், முன்பின் தெரியாத எவனுடைய மெயிலையும் வாங்கிக் கடத்திவிடும் சர்வர்கள் உலகமெங்கும் திறந்து கிடந்தன. ஸ்பாமர்களுக்கு அவை இலவச பஸ். 'ஆர்ப்ஸ்' என்ற பட்டியல் அப்படிப்பட்ட சர்வர்களைத் தேடிச் சோதித்துப் பெயர் போட்டது. அதை நியூசிலாந்திலிருந்து நடத்தியவர் ஆலன் பிரவுன். பட்டியலில் இருப்பவரின் மெயிலைப் பல நாட்டு நிர்வாகிகள் வாங்க மறுத்தார்கள். நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் 'என் சர்வரை நீ சோதிக்காதே' என்று கதவைச் சாத்தியவர்களும் பட்டியலில் ஏறினார்கள். எக்ஸ்ட்ரா, ஆக்ட்ரிக்ஸ் என்ற இணைய நிறுவனங்கள் நீதிமன்றம் போயின; 2001இல் ஆர்ப்ஸ் மூடப்பட்டது. சோதிக்க விடாதவனைக் குற்றவாளியாக்கியது அத்துமீறல் என்பதே என் கட்சி. பாதுகாப்புக்காரர்கள் சிலர் இன்னமும் என்னோடு சண்டை போடுவார்கள்.

இன்னொரு பட்டியல், 'ஓசிருசாஃப்ட்', 2003 ஆகஸ்ட்டில் தாக்குதல் தாங்காமல் போனபோது உலகிலுள்ள எல்லா எண்ணையும் ஸ்பாம் என்று சொல்லிவிட்டுப் போனது. அதை நம்பியிருந்த ஆபீஸ்களில் ஒரு மெயிலும் வரவில்லை.

கே: தீபாவளித் தள்ளுபடியை எங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினால் அதுவும் ஸ்பாமா? (சாண்ட்ரிங்கம்)

ப: அவர்கள் சம்மதம் இருந்தால் இல்லை. யார் அனுப்புகிறார் என்பதும், விலகிக்கொள்ளும் வழியும் மெயிலில் இருக்க வேண்டும். 2007 செப்டம்பரில் அமலுக்கு வந்த நியூசிலாந்துச் சட்டப்படி நிறுவனத்துக்கு அபராதம் 5 லட்சம் டாலர் வரை போகலாம். கோயில் விழாவில் சேகரித்த முகவரிகள் சம்மதம் ஆகாது.

கே: ஸ்பாம்ஹவுஸ் தடுப்புப் பட்டியலை எங்கள் சர்வரில் சேர்த்தோம். நேற்றிலிருந்து ஒரு ஸ்பாம்கூட இல்லை! (பிளாக்ஹவுஸ் பே)

ப: மற்ற மெயில்? உங்கள் சர்வர் அந்தப் பட்டியலைக் கூகிளின் 8.8.8.8 மாதிரிப் பொது டி.என்.எஸ். வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் 127.255.255.254 என்று பதில் தரும். 'இந்த வழியாகக் கேட்காதே' என்பது அதன் பொருள். எந்தப் பதில் வந்தாலும் 'ஸ்பாம்' என்று எடுத்துக்கொள்ளும்படி உங்கள் சர்வரை அமைத்திருந்தால் வருகிறவர் எல்லோரும் குற்றவாளிதான். சொந்த டி.என்.எஸ். வழியாகக் கேட்கச் சொல்லுங்கள். எந்தப் பதிலுக்கு மறுப்பது என்பதையும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். அதுவரை வாடிக்கையாளர்களுக்குப் போன் போடுங்கள், பாவம், காத்திருப்பார்கள்.