மயிலுக்குப் போர்வை, மண்ணுக்கு?

வையாவிக் கோப்பெரும் பேகன் நம் பழனி மலைக்காரன். மயில் தோகை விரித்தது ஆடுவதற்கு. இவனோ குளிரில் நடுங்குகிறது என்று முடிவுகட்டித் தன் போர்வையைக் கழற்றிப் போர்த்திவிட்டான். கடையேழு வள்ளல்களில் இடமும் பிடித்தான். உண்மையில் போர்வை கேட்டுக் கிடந்தது அவன் காலடி மண். ஆனால் மண்ணுக்கு மூடாக்குப் போட்டவனை எந்தப் புலவன் பாடுவான்?

கபிலர் பாடியிருப்பார். பறம்பு மலையை மூவேந்தரும் வளைத்தபோது, ஏர் பூட்டாமலே இந்த மலையில் நாலு விளைச்சல் உண்டு என்று வெறுப்பேற்றியவர் அவர்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். புறநானூறு 109ஆம் பாட்டு. வேறொரு புலவர் பாடிய 168ஆம் பாட்டிலோ காட்டுப்பன்றி கிளறிய புனத்தில் குறவர் தினை விதைக்கிறார்கள். கூலி கேட்காத டிராக்டர்! இன்று அதே பன்றி பழனி மலைப் பாச்சலூர்ப் பக்கம் வந்தால் வனத்துறைக்கு மனு போகும்.

கபிலர் பேகனிடமும் வந்தார். ஆனால் மனைவி கண்ணகியை அவன் தவிக்கவிட்டிருந்ததால், குடும்பப் பஞ்சாயத்திலேயே பாட்டு முடிந்துவிட்டது. வேளாண் ஆலோசனைக்கு நேரமில்லை.

பிறகு சீமையில் ஜெத்ரோ டல் என்றொருவர், வேர் மண் துகளைத்தான் தின்கிறது, ஆகவே மண்ணை மாவாக்குங்கள் என்று 1731இல் புத்தகம் போட்டார். அமெரிக்கர்கள் சமவெளிப் புல்லையெல்லாம் புரட்டி உழுதார்கள். 1930களில் வறட்சி வந்ததும் நிலம் எழுந்து பறந்தது. 1935இல் புழுதி வாஷிங்டன் வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் மண் பாதுகாப்புக்கென்று நிரந்தரத் துறை பிறந்தது. அதிகாரிகள் மூக்கில் ஏறினால்தான் மண்ணுக்கும் மரியாதை. ஏன்தான் உழுகிறோம் என்று அங்கேயே எட்வர்ட் ஃபால்க்னர் என்பவர் 1943இல் கேட்டார். அதற்குள் பறம்புப் பாட்டுக்கு ஏறக்குறைய 2000 வயது.

பாச்சலூரில் இந்தத் தத்துவமெல்லாம் கிடையாது. சரிவில் ஏர் பூட்டினால் மாடு உருண்டுவிடும், அவ்வளவுதான். நிழல் மரம், அடியில் காபி, மரத்தில் மிளகு, இடையில் மலைவாழை. ஒருமுறை நட்டால் பல வருடம். உதிர்ந்த சருகே போர்வை. மழைத்துளி முதலில் இலையில் விழுந்து, பிறகு சருகில் விழுந்து, சாதுவாகித்தான் மண்ணைத் தொடும்.

நிழலை வெட்டிக் கொத்திப்போட்ட சரிவில் அந்தச் சாதுத்தனம் இல்லை. ஐப்பசி மழையில் மேல்மண் ஓடையோடு கீழே இறங்குகிறது. அது போய்ச் சேரும் பரப்பலாறு அணையைத் தூர்வாரச் சொல்லி ஒட்டன்சத்திரத்து விவசாயிகள் பல காலமாக மனுக் கொடுத்துவந்தார்கள். மேலே சருகைக் கூட்டித் தீ வைக்காதீர்கள் என்று மலைக்கும் ஒரு மனு சேர்த்து அனுப்புங்கள்.